தம்பிக்குச் சர்க்கரை, அண்ணனுக்கு க்ளெய்ம் மறுப்பு: கருவி எழுதிய கேஸ் ஷீட் சாட்சியாகுமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறோம். என் மாமனாருக்கு 61 வயது. பீன்யாவில் ஒரு தொழிற்கூடத்தில் லேத் ஆபரேட்டராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். 2022 ஜூனில் அவர் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, தவறாமல் பிரீமியம் கட்டி வருகிறோம். இந்த ஜனவரியில் பித்தப்பைக் கல்லுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. பில் 4,86,000 ரூபாய். அதில் ரோபோ வைத்துச் செய்ததற்கு மட்டும் 1,35,000. முதலில் கேஷ்லெஸ் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், டிஸ்சார்ஜ் அன்று மறுத்துவிட்டது. பத்து வருடமாக இருந்த சர்க்கரை நோயை மறைத்து பாலிசி எடுத்தாராம். அவருக்குச் சர்க்கரையே கிடையாது.

அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் மேஜையில் ஒரு டேப்லெட் இருந்தது. பேசுவதைக் கேட்டு அதுவே கேஸ் ஷீட் எழுதிவிடும் என்றார்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார் டாக்டர். "தம்பிக்குப் பத்து வருஷமா இருக்கு, விரலையே எடுத்துட்டாங்க" என்று மாமா தமிழில் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அந்தப் பத்து வருடம் இவர் கணக்கில் ஏறிவிட்டது. மருத்துவமனையில் கேட்டால், சிஸ்டம் லாக் ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்கிறார்கள். கொஞ்சம் செலவு செய்தால் பழைய ஷீட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைத்துத்தான் பில் கட்டினோம். பாலிசியையே ரத்து செய்வதாகவும் கடிதம் வந்திருக்கிறது. என் கணவர் ஏஐ செயலியில் தயாரித்த புகார் மனுவையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய தாள்களைப் படித்த வரையில், இந்த மறுப்பு நிற்காது என்பதே என் கருத்து. ஆனால் செய்ய வேண்டியதை வரிசை தப்பாமல் செய்ய வேண்டும்.

முதலில், அந்தத் தெரிந்தவரின் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். கேஸ் ஷீட்டை மாற்றி வைப்பது போலி ஆவணம் தயாரிப்பது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதுவும் போக, காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய ஷீட்டின் நகல் ஏற்கெனவே இருக்கிறது. இன்று "மறைத்தார்" என்று வெறும் வாயால் சொல்பவர்களுக்கு, நாளை "மோசடி" என்று நிரூபிக்க நீங்களே ஆதாரம் கொடுத்தது போல ஆகிவிடும்.

உங்களுக்கு வேண்டிய ஆதாரம் அதே ஃபைலுக்குள் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில், அட்மிஷன் அன்று எடுத்த ஹெச்பிஏ1சி 5.5 என்று இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. 6.5-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய் என்பார்கள். பத்து வருடச் சர்க்கரை நோயாளி ஒருவர் மருந்தே இல்லாமல் 5.5-இல் இருப்பது எப்படி என்பதற்குக் காப்பீட்டு நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் வார்டில் இருந்த நாட்களின் மருந்துப் பட்டியலையும், நர்ஸ்கள் எழுதும் சர்க்கரை சார்ட்டையும் வாங்கிப் பாருங்கள். இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ ஒரு வேளைகூடக் கொடுக்கவில்லை என்றால், அந்த மருத்துவமனையே அவரைச் சர்க்கரை நோயாளியாக நடத்தவில்லை என்று ஆகிறது. கருவி எழுதிய ஒரு வரிக்கு எதிராக, மனிதர்கள் கைப்பட எழுதிய பல பக்கங்கள் நிற்கும்.

முழு ஃபைலும் உங்கள் கைக்கு வர வேண்டும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும். மாமனாரின் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். கேஸ் ஷீட், ஆய்வக முடிவுகள், மருந்துப் பட்டியல், ஒப்புதல் படிவங்கள், விவரமான பில் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதே கடிதத்தில், அட்மிஷன் அன்று டேப்லெட்டில் பதிவான ஒலி, கருவி முதலில் எழுதிய வரைவு, அதை யார் எப்போது திறந்து ஒப்புதல் கொடுத்தார்கள் என்று சிஸ்டம் வைக்கும் குறிப்பு ஆகியவற்றை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். இதை உடனே செய்யுங்கள். ஒலிப்பதிவைப் பல இடங்களில் கொஞ்ச நாளில் அழித்துவிடுகிறார்கள். வழக்கு என்று வந்தால், மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.

"சிஸ்டம் லாக்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பழைய பதிவை அழிக்கக் கூடாது என்பது சரிதான். அழிக்கச் சொல்லி நீங்களும் கேட்க வேண்டாம். அதற்குக் கீழே, "இந்த விவரம் நோயாளியின் தம்பியைக் குறித்தது, நோயாளிக்குச் சர்க்கரை நோய் இல்லை" என்று தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு ஒரு திருத்தக் குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். இது அவர்கள் செய்யும் சலுகை அல்ல. 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவை உணர்வுமிக்க தனிப்பட்ட தகவல் என்கின்றன. தன்னைப் பற்றிய அத்தகைய தகவல் தவறாக இருந்தால் திருத்திக் கேட்க 5-ஆம் விதி இடம் தருகிறது. அதே விதியின்படி நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் திருத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியானபோது, இத்தகைய பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போதைக்கு 2011 விதிகளையே குறிப்பிடுங்கள்.

மருத்துவமனை இழுத்தடித்தால், கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் பதிவு மற்றும் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். டாக்டர்கள் போராட்டத்துக்கு நடுவே 2017-இல் கொண்டுவந்த திருத்தம் அந்தச் சட்டத்தை வலுப்படுத்தியது. தமிழ் பேசும் நோயாளி, வேறு மொழி பேசும் டாக்டர், நடுவில் இன்னொரு மொழியில் எழுதும் கருவி: இந்த ஊரில் தினமும் நடப்பது இது. கருவி எழுதியதை ஒரு முறை நோயாளிக்குப் படித்துக் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதவே வேண்டியிருந்திருக்காது. கையெழுத்துப் போட்டவர் டாக்டர். எழுதியது எந்தக் கருவியானாலும் பொறுப்பு அவருடையது, மருத்துவமனையுடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி காப்பீட்டு நிறுவனம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் மூன்று பேர் கொண்ட க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. பாலிசியின் எந்த விதியின் கீழ் நிராகரிக்கிறோம் என்றும் கடிதத்தில் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டுமே இல்லை. குழு எப்போது கூடியது, எந்த ஆவணத்தைப் பார்த்தது, ஹெச்பிஏ1சி முடிவைப் பார்த்ததா என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். அவர்களுடைய மென்பொருள் சந்தேகம் என்று சிவப்புக் குறி போட்டதை அப்படியே கடிதமாக்கி அனுப்பியிருந்தால் அது இங்கே வெளிப்பட்டுவிடும். 2022-இல் ஆன்லைனில் நிரப்பிய ப்ரபோசல் படிவத்தின் நகலையும் கேளுங்கள். சர்க்கரை பற்றிய கேள்விக்கு என்ன பதில் பதிவாகியிருக்கிறது என்பது முக்கியம்.

நோயை மறைத்தார் என்று சொல்பவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். எல்.ஐ.சி. சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2022-க்கு முன்பு அவர் சர்க்கரைக்கு மருந்து வாங்கிய ஒரு சீட்டாவது அவர்களிடம் இருக்கிறதா? நீங்களோ எதிர் ஆதாரமே காட்டலாம். வேலையில் இருந்தபோது ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டிஸ்பென்சரியிலோ, ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ காட்டியிருந்தால் அந்தப் பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். தம்பியின் சிகிச்சைச் சான்றும் வேண்டும், அவருடைய சம்மதத்தோடு. அறையில் இருந்து காதால் கேட்டவர் நீங்கள். உங்கள் பிரமாணப் பத்திரம் இந்த வழக்கில் கனமான சாட்சி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 விதிகளின்படி, அறிவித்த பழைய நோய்க்குக்கூடக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதங்கள்தான். உங்கள் பாலிசி அதைக் கடந்துவிட்டது. மறைப்பதால் அவருக்கு லாபமே இல்லை என்று இதை வைத்து வாதாடலாம். முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். தெரிந்திருந்தால் பிரீமியத்தைக் கூட்டியிருப்போம் என்று அவர்கள் சொல்லக்கூடும். பாலிசி தொடர்ந்து 60 மாதம் கடந்தால் மோசடி தவிர வேறு காரணத்துக்காகக் கேள்வி கேட்க முடியாது என்ற பாதுகாப்பு உங்களுக்கு இன்னும் வரவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் இரண்டு வாரத்தில் தீர்க்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் நடுவரான ஓம்பட்ஸ்மேனிடம் போங்கள். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில், ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்கு அபராதம் தர வேண்டும். மாமனாரே நேரில் போய்த் தமிழில் நடந்ததைச் சொல்லட்டும், நீங்கள் கூடப் போங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு நேராகப் போகவும் உரிமை உண்டு, இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். உங்கள் விஷயம் ஆவணங்களை வைத்தே தீரக்கூடியது என்பதால் ஓம்பட்ஸ்மேனையே முதலில் சொல்வேன். அங்கே தோற்றாலும் ஆணையத்தின் கதவு அடைபடாது. மருத்துவமனையின் தவறுக்கு இழப்பீடு கேட்பதென்றால் ஆணையம்தான் இடம். அடகு வட்டி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், அதையும் இழப்பாகக் கேட்கலாம்.

உங்கள் கணவர் தயாரித்த மனுவை இப்படியே அனுப்ப வேண்டாம். அதில் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மேற்கோளாக இருக்கின்றன. தேடிப் பார்த்தேன், அப்படித் தீர்ப்புகளே இல்லை. செயலி இட்டுக்கட்டியவை. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயமே 2024 டிசம்பரில் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி ஓர் உத்தரவு போட்டு, பிறகு திரும்பப் பெற வேண்டியிருந்தது. கருவி செய்த தவறை எதிர்த்துப் போகும் நீங்கள், அதே தவறோடு போனால் எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். நடந்ததைத் தேதி வாரியாக இரண்டு பக்கம் சொந்தமாக எழுதுங்கள். மாமனாரின் மருத்துவத் தாள்களை அந்தச் செயலிகளில் ஏற்றுவதையும் நிறுத்துங்கள்.

ரோபோ செலவைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த இடி அங்கேதான் வரும். ரோபோ அறுவை உட்படப் பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2019-இல் சொன்னது. உச்சவரம்பு வைக்க மட்டும் விட்டுவிட்டது. உங்கள் பாலிசி அட்டவணையில் அப்படி வரம்பு இருந்தால், க்ளெய்ம் ஜெயித்தாலும் ஒரு பகுதி குறையலாம். சாதாரண லேப்ராஸ்கோப்பியிலும் (ரோபோ இல்லாமல் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) செய்யலாம், அதற்கு இவ்வளவுதான் ஆகும் என்று டாக்டர் சொன்னாரா? மாற்றுச் சிகிச்சைகளைச் சொல்லாமல் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்பதற்கு 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் ரோபோ என்று எழுதி, மாற்று முறைகளும் விளக்கப்பட்டன என்று அச்சிட்டு, மாமனார் கையெழுத்தும் போட்டிருந்தால், அந்த 1,35,000-ஐத் திரும்பப் பெறுவது கடினம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். படிவம் வந்ததும் பாருங்கள்.

பாலிசியை எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடாதீர்கள். ரத்துக் கடிதத்துக்கு மறுப்பு எழுதி, ஜூனில் பிரீமியத்தைக் கட்ட முயன்று, வாங்க மறுத்தால் அதற்கும் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. 60 வயது கடந்தவர்களுக்கு ஐஆர்டிஏஐயிடம் கலந்து பேசாமல் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் கூடாது. பிரீமியம் பில்லில் இரண்டையும் சரிபாருங்கள்.

மாமனார் ஐந்து ஆண்டுகளாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர் என்றால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் மாமியாருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். பீன்யா தொழிலாளர்கள் பலர் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். ஓய்வுச் சான்றையும் பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணையும் எடுத்துக்கொண்டு அவருடைய கிளை அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.