எட்டுக்கு எட்டு

அன்புள்ள ஐயா,

கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் ஆப்பிளின் பழைய மெக்கின்டாஷ் கிளாசிக் கணினி கிடைத்தது. இரண்டு மாதம் போராடி ஓடவைத்துவிட்டேன். அதற்கென்று யாரோ எழுதி இலவசமாக விட்டிருக்கும் சின்ன நிரல் ஒன்று இருக்கிறது. முப்பது கிலோபைட்கூட இல்லை. அதைச் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டு மறுபடி தொடக்கினால், திரையின் பின்னணியில் உள்ள சாம்பல் நிறம் போய் நாம் விரும்பும் படம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பவானி ஜமக்காளத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன்.

'இதனால் என்ன பிரயோஜனம்?' என்கிறார் அப்பா. பழைய இயந்திரத்தை அதன் அசல் கோலத்திலேயே விடவேண்டும், ஒப்பனை செய்வது தவறு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இன்றைய மென்பொருள்கள் ஏன் இவ்வளவு பருத்துவிட்டன என்றும் எழுதவேண்டும்.

க., பெருந்துறை

அன்புள்ள க.,

முதலில் அந்தக் கணினியைத் திறந்து, பலகையில் இருக்கும் 3.6 வோல்ட் பாட்டரியைக் கழற்றி எறியுங்கள். அது கசிந்தால் பலகையையே தின்றுவிடும். கன்டென்சர்களும் கசியும். படக்குழாயில் கை வைக்காதீர்கள், தெரிந்த டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஓடுகிற சந்தோஷத்தில் இதையெல்லாம் மறந்திருப்பீர்கள்.

மென்பொருள் பருத்த கதையைப் பாட என்னைவிட நல்ல ஒப்பாரிக்காரர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. அந்த ஜமக்காளத்தை விரித்து உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். நண்பர்களிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: பின்னணிக் கோலத்தை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷிலேயே இருந்தது. மாற்றிக்கொள்வதுதான் அதன் அசல்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கட்டத்தாள்களைக் கரையான் அரித்திருப்பதைப் பார்த்தேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

'சாம்பல் நிறம் போய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திரையில் சாம்பல் நிறம் ஏது? 512க்கு 342 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மூன்றாவது நிறம் கிடையாது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கறுப்பும் வெள்ளையும் நிற்பதைத்தான் கண் சாம்பல் என்று படித்துக்கொள்கிறது. இரண்டு மாதம் அதன் எதிரில் உட்கார்ந்தவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லையா?

அப்புச்சி பார்த்தார். 1993இல் நான் ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளும் மஞ்சள் மண்டிகளுக்கான பில் புத்தகங்களும் கோர்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்ததும் கிளாசிக்தான். அப்புச்சி சென்னிமலையில் ஜக்கார்டு தறிகளுக்கு, அதாவது துளையிட்ட அட்டையைக் கொண்டு பூ நெய்யும் தறிகளுக்கு, டிசைன் போடுகிறவர். கட்டத்தாளில் ஒரு கட்டம் ஒரு இழை. சிவப்பு மை வைத்த கட்டத்துக்கு அட்டையில் துளை விழும். துளை இருந்தால் கொக்கி பாவு நூலை (நீளவாட்டில் ஓடும் நூல்) தூக்கும், இல்லாவிட்டால் நூல் கீழேயே கிடக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்னைப் பார்க்க அச்சகத்துக்கும் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏன் கண்ணு, இது காடாதானே?" என்றார்.

வெளுக்காத சாதா பருத்தித் துணி, காடாவேதான். சாதா நெசவைக் கட்டத்தாளில் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று, அதே கோலம். (சோமனூர்ப் பக்கம் காடாவைக் கிரே துணி என்றும் சொல்வார்கள். அப்புச்சிக்கு அந்தச் சிலேடை தெரியாது.)

நான் கன்ட்ரோல் பேனலைத் திறந்து காட்டினேன். எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள் பெரிதாகத் தெரியும். ஒன்றை மவுஸால் தொட்டால் கறுப்பாகும், மறுபடி தொட்டால் வெளுக்கும். பக்கத்திலேயே அதன் நிஜ அளவு. அப்புச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனதில் இருந்த பூ, பத்து இழைக்குப் பத்து இழை. "எட்டுதானா? யார் வைத்த கணக்கு இது?" என்றார். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஒரு வரிக்கு ஒரு பைட் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. "அவன் பெட்டியில் எட்டுக் கொக்கிதான் போலிருக்கிறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பூவைச் சிறிதாக்கத் தொடங்கினார். இதழின் நுனியை வெட்டினார், காம்பை ஒரு இழையாக்கினார். முதலில் வைத்தபோது திரை முழுக்கச் சாய்வாய்க் கோடுகள் விழுந்தன. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி தவறு. ஆனால் அந்தக் கோலம் அகலத்தில் 64 முறையும் உயரத்தில் 40 முறைக்கு மேலும் திரும்ப வருகிறதே, மறைக்க முடியுமா? இடது ஓரம் வலது ஓரத்தோடும், மேல் வரி கீழ் வரியோடும் சேரவேண்டும். தறிக்கும் அதே சட்டம்தான். முதலாளி கத்திய பிறகுதான் எழுந்தார். மறுநாள் காலை முதலாளி பழையபடி காடாவையே வைத்துவிட்டார்.

சூசன் கேர் என்ற அம்மையார் அந்த முதல் மெக்கின்டாஷுக்குப் படங்கள் வரைந்தவர். 32க்கு 32 கட்டங்களைத் தாளில் நிரப்பித்தான் தொடங்கினார். மொசைக்கும் ஊசிநூல் பூவேலையும் கைவந்தவர் என்பதால் புள்ளித்திரை அவருக்கு அந்நியமாக இல்லை. அப்புச்சியும் அவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மொழியே வேண்டியிருந்திருக்காது.

இப்போது உங்கள் ஜமக்காளத்துக்கு வருகிறேன். மன்னிக்கவும், பார்க்கச் சகிக்கவில்லை. சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் கறுப்பு வெள்ளையில் ஒரே அழுக்காக விழுந்திருக்கின்றன. பட்டை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. புள்ளிகளைச் சிதறவிட்டது நிரல். நீங்கள் செய்தது என்ன? பொத்தானை அமுக்கினீர்கள். ஒரு முழுத்திரைப் படத்துக்கு 21,888 பைட்டுகள். அப்புச்சியின் பூவுக்கு எட்டே எட்டு. நிரலை எழுதியவரைக் குறை சொல்லவில்லை, பாவம், காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார். தறி வீட்டுக்கு வந்தபிறகு, நெய்யாமல் துணியின் போட்டோவை அதன்மேல் ஒட்டிவைத்த உங்களைத்தான் சொல்கிறேன். பெருந்துறையிலிருந்து சென்னிமலை எவ்வளவு தூரம் தம்பி?

அந்தப் பூவை உங்களுக்கு அனுப்பலாம் என்றால், இருந்த தாளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தை வைத்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை இதைப் போட்டுப் பாருங்கள். முதல் வரி: இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. அடுத்த வரியில் எல்லாவற்றையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளுங்கள். வெளியே போவதை இடப்பக்கம் கொண்டுவந்து சேருங்கள். இப்படியே எட்டு வரி. சாய்வுக் கோடு வரும், ஜீன்ஸ் துணியில் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது வரி முதல் வரியாகவே வந்து நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ எண்ணிக்கையை விட்டிருக்கிறீர்கள். அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.