இளவரசர் பார்த்த பெண் அல்ல

கேள்வி: கொரியத் தொடர்களில் இளவரசர் சந்தையில் சந்தித்த ஏழைப் பெண்ணைக் காதலித்து ராணியாக்குகிறார். நிஜத்தில் அப்படி நடந்ததா? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை. 1392-ல் தொடங்கி ஐந்து நூற்றாண்டு ஆண்ட ஜோசான் வம்சத்தில் பட்டத்து இளவரசர் பெண் பார்க்கப் போனதில்லை. அரண்மனைப் பெரியவர்கள்தான் பார்ப்பார்கள். முதலில் நாடு முழுக்க உத்தரவு வரும்: குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்கு யாரும் கல்யாணம் பேசக் கூடாது. உயர்குடி வீடுகள் மகளின் விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் மூன்று சுற்றுத் தேர்வு. இதற்குப் பயந்து மகளை மறைத்த பெற்றோர் உண்டு.

தொடருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது ஜாங் ஹீபின் கதை. மொழிபெயர்ப்பாளர் குடும்பத்துப் பெண், மன்னர் சுக்ஜோங்கின் ஆசைநாயகியாகி ராணியும் ஆனார். 1694-ல் பதவி பறிபோனது. 1701-ல் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார். இனி ஆசைநாயகி யாரும் ராணியாகக் கூடாது என்று அதே ஆண்டில் மன்னர் விதியும் போட்டார்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஹேக்யோங் சீமாட்டி. 1744-ல் இளவரசர் சாடோவுக்கு மணமுடித்தபோது, பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் கொரியக் கணக்கில் இருவருக்கும் பத்து வயது. பெரிய குலம்தான், ஆனால் வீட்டில் பணமில்லை. இறந்துபோன சகோதரிக்காக வைத்திருந்த துணியில் பாவாடை தைத்து, உள்துணிக்குப் பழைய உடுப்பைப் போட்டுத்தான் அம்மா தேர்வுக்கு அனுப்பினார். தேர்வான பிறகு சொந்த வீட்டில் வளரும் உரிமை அந்தக் குழந்தைக்கு இல்லை.

மாமனார், மன்னர் யோங்ஜோ, 1759-ல் மறுமணம் செய்தார். அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. புது மாமியார் மருமகளைவிடப் பத்து வயது சின்னவர்! மூன்றே வருடத்தில் அதே யோங்ஜோ பெற்ற மகன் சாடோவை அரிசிப் பெட்டிக்குள் அடைக்க உத்தரவிட்டார். கோடை வெயிலில் எட்டு நாள், உயிர் போகும்வரை.

அறுபது வயதில் ஹேக்யோங் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தார். அரண்மனையின் பெருந்துயரங்களை எழுதிய அதே கையால் ஒரு சின்ன விஷயத்தையும் எழுதி வைத்தார்: தேர்வு முடிவானது தெரிந்த நாள் முதல், பெற்ற அப்பாவும் அம்மாவும் தன்னை 'வா, போ' என்று கூப்பிடுவதை விட்டு, மரியாதை கொடுத்துப் பேச ஆரம்பித்தார்கள் என்று.