பண்டைய எகிப்தின் சமூக அடுக்குகளில் சாதாரணத் தொழிலாளியின் இடம் எது?

பள்ளிப் புத்தகத்தில் உச்சியில் பார்வோன், அடியில் உழவரும் அடிமைகளும் என்று ஒரு முக்கோணம் போட்டிருப்பார்கள். மொத்தத்தில் சரிதான். ஆனால் நடுவில் இருந்தவர்களின் வாழ்க்கை அதில் தெரியாது. அதற்கு டெய்ர் எல்-மெதினாவைத்தான் பார்க்க வேண்டும். இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருந்த ஊர் அது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள்.

அவர்கள் அடிமைகள் அல்ல, அரசாங்கச் சம்பளக்காரர்கள். சம்பளம் தானியமாக வரும். தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மேற்பார்வையாளருக்கு ஐந்தரையும் இரண்டும். மூட்டை ஒன்றுக்குச் சுமார் 76 லிட்டர் பிடிக்கும். வேலைக்கு வராதவர்களின் பட்டியல் ஒன்று, 2-ஆம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது. தேள் கடித்தது, கண் நோய், பீர் காய்ச்சப் போனது என்று ஒவ்வொருவருக்கும் காரணம் குறித்திருக்கிறார்கள்.

கி.மு. 1157 வாக்கில், 3-ஆம் ராம்செஸ் காலத்தில், தானியம் வரத் தாமதமானது. ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறி, ஒரு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, பார்வோனுக்கு எழுதுங்கள்" என்றார்கள். பதிவாகியிருக்கும் வேலைநிறுத்தங்களிலேயே பழையது இதுதான். கடவுளாக வணங்கப்பட்ட அரசனிடம் கூலி கேட்டு உட்கார்ந்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

அப்புறம் நவுனக்தே. அதே ஊரில், ஒரு தலைமுறைக்குள், எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற இந்த அம்மா சாட்சிகளை வைத்து உயில் எழுதினார். வயதான காலத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்றார். நன்றாகக் கவனித்த மகனுக்குக் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் சொந்தச் சொத்தும் அதைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமையும் இருந்தன.

உழவர்கள் நிலைமை வேறு. மக்களில் பெரும்பாலோர் அவர்கள்தான், ஆனால் எழுதத் தெரியாததால் அவர்கள் சொன்னது நம்மை வந்து சேரவில்லை. அவர்களைப் பார்ப்பதே மேலிருந்தவர்களின் கல்லறை ஓவியங்களில்தான். வயல்களின் கணக்கு எழுத்தரான மென்னாவின் கல்லறையில், அதிகாரிகள் கயிறு பிடித்து விளைந்த நிலத்தை அளக்கிறார்கள். அதே சுவரோவியங்களில் ஓர் உழவர் அடி வாங்குகிறார்.