மதியத்துக்குள் காஜல் கன்னத்துக்கு வந்துடுதா?

காஜலை மாத்த வேண்டாம். போட்ட கோட்டு மேல கறுப்பு ஐஷேடோ பவுடரைச் சின்ன பிரஷ்ல தொட்டு ஒத்துங்க. பவுடர் காஜல்ல இருக்கிற மெழுகைப் பிடிச்சுக்கும்.

டவுன்ஹால் ரோடு போறதுக்குள்ள வழியுதுன்னு எழுதியிருந்தீங்க. காலையில தடவுற கிரீம் மேலதான் எனக்குச் சந்தேகம். காஜலே மெழுகும் எண்ணெயும்தான். கீழயும் எண்ணெய்ப்பசை, மேல மதுரை வெயில், வழுக்காம என்ன செய்யும்?

நாளைக்கு ஒரு கண்ணுக்குக் கீழ மட்டும் கிரீமை டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு, ரெண்டு கண்ணுக்கும் காஜல் போடுங்க. மத்தியானம் ரெண்டு கண்ணையும் கண்ணாடியில பாருங்க, தெரிஞ்சுடும்.

அப்படியும் வழிஞ்சா, விரலால வெளி ஓரத்துக்கு இழுத்துவிட்டா ஸ்மோக்கி ஐ, அதாவது புகை மாதிரி மங்கலான கண் மேக்கப். நான் பாதி நாள் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

இமையோட உள்கோட்டுல மட்டும் பவுடர் வைக்காதீங்க, உறுத்தும். திருவிழாக் கடையில தேதி, பேட்ச் நம்பர் இல்லாத டப்பாவும் வேண்டாம். சிலதுல ஈயம் இருக்கும்.