தொட்டி மட்ட அளவுகள் இரவில் தாமாக மாறுவது குறித்து

உங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அமைத்துவைத்த மட்ட அளவுகள் இரவில் யாரும் தொடாமலே மாறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள்; யாராவது இணையம் வழியாக ஊடுருவியிருக்கலாம். பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியிலிருந்து 4ஜி மோடத்துக்குச் செல்லும் கேபிளை முதலில் கழற்றிவிடுங்கள். ஆனால் பிஎல்சியின் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், ஊடுருவலின் தடயங்கள் அழிந்துபோகலாம். கழற்றும்போது, பம்பைக் கைமுறையில் இயக்கத் தெரிந்த ஒருவர் நீரேற்று நிலையத்தில் இருப்பது அவசியம்.

உங்களுடையது யூனிட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பிஎல்சி என்பதால், மாற்றப்படாத தொடக்கக் கடவுச்சொல்லுடன் அது இணையத்தில் திறந்து கிடப்பதே காரணமாக இருக்கக்கூடும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிக்விப்பா குடிநீர் ஆணையத்தின் அழுத்தமூட்டு நிலையத்தில் இதே நிறுவனத்தின் கருவிக்குள்தான் ஊடுருவினார்கள். அவ்வகைக் கருவிகளின் தொடக்கக் கடவுச்சொல் அப்போது 1111 என்பது ஊரறிந்த இரகசியம்.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்பும் வசதி) பட்டியலில், இக்கருவி பயன்படுத்தும் போர்ட் எண்ணான 20256 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றி, விபிஎன் (பிறர் நுழைய முடியாதபடி பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டுமே தொலை இணைப்பை அனுமதியுங்கள்.

ஆனால் மின்தடைக்குப் பிறகு மட்டுமே அளவுகள் மாறுகின்றன என்றால், ஊடுருவல் என்று முடிவுகட்டுவதற்கு முன் மின்சாரம் இல்லாதபோது அளவுகளை நினைவில் வைத்திருக்க உதவும் கருவியின் உள் பேட்டரியைச் சோதியுங்கள்.