கரைவலையும் ஐந்து கணினிகளும்

அன்புள்ள ஐயா,

ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய ஐந்து பழைய கணினிகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை இணைத்து, ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினிக் கூட்டமாக, வீட்டிலேயே ஒரு கிளஸ்டர் கட்ட ஆசை. 1994இல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கணினிகளை இணைத்து ‘பியோவுல்ஃப்’ கட்டிய கதையைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மின்கட்டணம், உப்புக்காற்று, இயங்குதளமாக எந்த லினக்ஸ் போடுவது என்று பல குழப்பங்கள். கட்டினால் பிரயோசனம் உண்டா? அப்பா கரைவலைக்காரர். அவருக்கு இதையெல்லாம் விளக்க முடியாது என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

(கடிதம் சுருக்கப்பட்டது)
வாசகர், மண்டபம்

அன்புள்ள தம்பி,

எந்த லினக்ஸ் என்பதெல்லாம் ஒரு கேள்வியா? கைக்கு வந்ததைப் போடுங்கள். உப்புக்காற்றுக்கு நம் கரையில் சைக்கிள் செயினே தப்புவதில்லை, கணினி எம்மாத்திரம். ஓடாத நேரத்தில் மூடி வையுங்கள். மின்கட்டணத்துக்குப் பேனாவும் தாளும் போதும். ஒன்று 80 வாட் இழுத்தால் ஐந்துக்கு 400. இரவு பகலாக ஓட்டினால் நாளுக்கு 9.6 யூனிட், இரண்டு மாதத்தில் 576. பில் வரும் அன்று அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இரண்டு இடங்களில். அத்தனை நீளக் கடிதத்தில், இந்தக் கிளஸ்டருக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கோடார்டுக்காரர்களுக்குப் பூமி, விண்வெளி ஆய்வுக் கணக்குகள் குவிந்து கிடந்தன. அதற்காகத்தான் பெட்டிகளைத் தேடினார்கள். இரண்டாவது, ‘அப்பாவுக்கு விளக்க முடியாது’ என்கிறீர்களே, கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதுகிற வரியா இது?

போன வாரம்தான் அரிச்சல்முனைச் சாலையோரம் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சின்ன வயதில் விடுமுறைக்குத் தனுஷ்கோடிப் பக்கத்து முகுந்தராயர் சத்திரம் போவேன். தாத்தா அங்கே வலை இழுத்தார். வல்லம் என்கிற படகு, கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் போய், வலையை வளைத்துப் போட்டு, மறு கயிற்றோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். எனக்குக் கயிறு சுருட்டும் வேலை. ஒருநாள் எங்கள் பக்கம் இளவட்டங்கள் அதிகம்; வேகமாக இழுத்துவிட்டோம். வலை கோணிக்கொண்டது. மறுபக்கத்தார் இழுத்துச் சமன் செய்யும்வரை கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றோம். மீன் சேரும் பையான மடி கரைக்கு வந்தபோது பாதி மீன் நழுவிப்போயிருந்தது. தாத்தா திட்டியது எங்களைத்தான்.

கடலில் அலை எப்படி நகரும் என்று கணிக்கும் அலைக்கணக்கு போன்றவை கரைவலை வேலை, தம்பி. கடலைப் பட்டை பட்டையாக வெட்டி ஐந்து கணினிகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்துப் பட்டையின் ஓரத்து எண்களை வாங்காமல் ஒன்றும் அடுத்த அடி வைக்க முடியாது. இருப்பதிலேயே மந்தமானதற்காக மற்ற நான்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கயிறும் மெலிந்தது. கணினிகளை இணைக்கும் கிகாபிட் கேபிளில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. பழைய கணினியின் நினைவகமே ஏறக்குறைய அதன் நூறு மடங்கு வேகத்தில் எண்களை எடுத்துக் கொடுக்கும். அனிமேஷன் படச்சட்டங்களை உருவாக்குவது தூண்டில் வேலை. ஐந்து வத்தையில், அதாவது சிறு படகில், ஐந்து பேர், யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். அதற்கென்றால் தாராளமாகக் கட்டுங்கள். கற்றுக்கொள்ள என்றால் ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் மெய்நிகர் கணினிகளை வைத்தும் கற்கலாம், கேபிள் கழன்று விழுகிற பாடம் மட்டும் அதில் வராது.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், ஐந்து கணினிகள் மூன்றரை மடங்கு வேகம்தான் தரும்; ஆயிரம் போட்டாலும் பத்து மடங்கைத் தொடாது. தாத்தாவுக்கு ஆம்டாலைத் தெரியாது. ஆனால் பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதில் கறாராக இருந்தார். கூடுதலாக ஒருவன் வந்து கயிற்றைத் தொட்டால், “பங்குக்கு வந்தாயா, பாட்டுக்கு வந்தாயா?” என்பார்.

ஐந்தையும் இப்போதே பூட்டாதீர்கள். இரண்டை மட்டும் இணைத்து, ஒரே வேலையை ஒன்றில் ஒருமுறை, இரண்டிலுமாக ஒருமுறை ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். அப்படியே அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்: அவர் காலத்தில் உங்கள் கரையில் பக்கத்துக்கு எத்தனை பேர் இழுத்தார்கள்? முகுந்தராயர் சத்திரத்துக் கணக்கு எனக்கு மறந்துவிட்டது. கேட்கத் தாத்தா இல்லை.