தோட்டத்தில் பிடித்து வந்து தனியாக வளர்த்த என் கும்பிடுபூச்சி முட்டைக்கூடு கட்டியிருக்கிறது. அது பொரிக்குமா?

ஆண் பூச்சியை உங்கள் பூச்சி ஒருபோதும் சந்திக்கவில்லை என்றால் பெரும்பாலும் பொரிக்காது. ஆணே இல்லாமல் எப்படிக் கூடு கட்டியது என்று குழம்ப வேண்டாம். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடுவது போலத்தான் இதுவும்.

ஆனால் நீங்கள் அதைத் தோட்டத்தில் பிடித்ததாகச் சொல்கிறீர்கள். முக்கியமான விஷயமே அதுதான். பெண் பூச்சியின் வயிற்றுக்குள் ஆணின் விந்தைச் சேமித்து வைக்க ஒரு சிறு பை உண்டு. ஒருமுறை இணைந்தால் போதும், அதிலிருந்து எடுத்தே பிறகு பல கூடுகளுக்குக் கருவுற்ற முட்டைகளை இடும். உங்களிடம் வருவதற்கு முன்பே இணைந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உங்களிடம் வந்த பிறகு அது ஒருமுறையாவது தோல் உரித்ததா? உரித்திருந்தால், பிடித்தபோது அது இளம்பூச்சி. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் இனப்பெருக்க வயதை அடையும், அதனால் முன்பு இணைந்திருக்க வாய்ப்பில்லை. உரிக்கவே இல்லை என்றால் கூட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில், நுண்ணிய வலை மூடி போட்டு சில மாதங்கள் வையுங்கள். பொரித்தால் ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வரலாம், ஒன்றையொன்று தின்னவும் செய்யும். சீக்கிரம் பிரித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு விலக்கு. சில கும்பிடுபூச்சி இனங்களில் ஆண் இல்லாமலேயே முட்டை பொரிப்பதுண்டு. அதனால் இனம் தெரியாதவரை முடிவாகச் சொல்ல முடியாது.